பர்மாவுக்குப் போகாத அப்பா: ஒரு தகரப் பெட்டியை வைத்து நடந்த விசாரணை

எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராத ஒரு சங்கதி உண்டு. அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தார் என்பதுதான் அது. அப்பா 1984-ல் காலமானார், அம்மா 1999-ல் காலமானார். அதற்குப் பிறகு பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து பெட்டியில் கிடந்த ஒரு படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஒரு பக்கம் விளிம்பு மடித்த அகலத் தொப்பி, பின்னால் மூங்கில் கொட்டகை. கீழே “பர்மா போர் வீரர்” என்று அச்சடித்த பட்டையும் உண்டு. பேரப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்துக்காகத் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டபோதுதான் தேதி, ரெஜிமென்ட், எண் எதுவுமே எங்களிடம் இல்லை என்பது உறைத்தது. அங்கிருந்து கிளம்பியதுதான் இந்த விசாரணை.

எங்கள் ஊர் போளூர் பக்கம். இன்று திருவண்ணாமலை மாவட்டம். அப்பா பட்டாளத்துக்குப் போனபோது வட ஆற்காடு மாவட்டம், தலைநகரம் வேலூர். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ராணுவக் காகிதங்களிலும் போர் நினைவுப் பட்டியல்களிலும் நம் தாத்தாக்கள் எல்லோரும் “நார்த் ஆற்காட்” ஆட்கள்தான். 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்தது அந்தப் பட்டியல்களுக்குத் தெரியாது. ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று எந்த ஊராக இருந்தாலும் தேடுகிறவர்கள் பழைய மாவட்டப் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும்.

பட்டாளத்துக்கு ஆள் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945-ல் 25 லட்சத்தைத் தொட்டது. கட்டாயம் இல்லை, எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்பார்கள். தாமாகத்தான், ஆனால் வயிறும் தள்ளியது. 1929-க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் வேர்க்கடலை விலை விழுந்தது. அதை நம்பியிருந்த வட ஆற்காட்டு மானாவாரிக் குடும்பங்கள் எழுந்திருக்கவே நாளாயிற்று. எங்கள் தாத்தா வீட்டில் இரண்டு பையன்கள். இரண்டு பேருமே போனார்கள். மூத்தவர், அதாவது பெரியப்பா, திரும்பி வரவில்லை. அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

பெட்டியில் இருந்தவை இவை: ஏழு போட்டோக்கள், உள்ளே கடிதம் இல்லாத இரண்டு உறைகள், சர்க்கார் ஒதுக்கித் தரும் தர்காஸ்து நிலம் கேட்டு 1949-ல் அப்பா எழுதிய மனுவின் நகல், அப்பாவைப் பெற்ற ஆயா பெயரில் போளூர் கருவூலச் சீட்டு ஒன்று. பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் இல்லை. அது இருந்திருந்தால் எண், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் என்று அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அப்பா அதை ஏதோ ஒரு மனுவோடு அசலாகவே இணைத்துக் கொடுத்துவிட்டார் என்று அம்மா சொல்லுவார். நிலமும் வரவில்லை, புக்கும் திரும்பவில்லை. மனு நகலில் “எட்டு வருஷம் சர்க்கார் ராணுவத்தில் ஊழியம் செய்து” என்று இருக்கிறது. அதுதான் முதல் ஆதாரம், அதுவும் அப்பாவின் சொந்த வாக்கு. 15 வருஷச் சேவை இல்லாததால் பென்ஷன் கிடையாது. ஆகவே பென்ஷன் ஆர்டரும் கிடையாது.

போட்டோக்களை முதலில் பின்பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தோம். முன்பக்கத்தைப் பார்த்தால் ஆளாளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பின்பக்கத்தில் அச்சடித்தது, முத்திரை குத்தியது, பென்சிலில் எழுதியது மட்டும்தான் இருக்கும். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் படத்தை இருட்டில் வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். அழுத்தி எழுதிய பள்ளம் நிழலாகத் தெரியும். ரசாயனம், லேமினேஷன் எதுவும் வேண்டாம். கூடத்தில் மாட்டிய படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்ட கடையில் அட்டையோடு பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பிரிக்கப் போனால் படமே கிழியும் என்பதால் அதன் முதுகில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த வழக்கில் எங்களுக்கு அதிகம் தேவைப்பட்ட முதுகும் அதுதான்.

மற்ற ஆறில் இரண்டின் பின்னால் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டூடியோ முத்திரை. ஒன்று தபால் அட்டை அளவு. பின்னால் “கார்ட் போஸ்தால்” என்று பிரெஞ்சில் அச்சு, அதன் மேல் அரபியிலும் ஆங்கிலத்திலும் கெய்ரோ ஸ்டூடியோவின் முத்திரை. எகிப்தில் அன்று போட்டோ அச்சடித்த அட்டைகளில் இந்தப் பிரெஞ்சு வாசகம் சகஜம். ஆக, யாரோ ஒருவர் கெய்ரோ போயிருக்கிறார். பர்மா இருப்பது எதிர்த் திசையில்.

அப்புறம் “இடிந்த கோயில்” படம். மூன்று சிப்பாய்கள், பின்னால் கூரை இல்லாமல் வரிசையாக நிற்கும் பெரிய கல்தூண்கள். பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டு இடித்த கோயில் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை என் அக்கா மகன் போனில் படம் பிடித்துத் தேடினான். ஏதென்ஸ் நகரத்துக் குன்றின் மேல் இருக்கும் பார்த்தெனான். குண்டு விழுந்து இடிந்தது என்னவோ உண்மைதான். 1687-ல் வெனிஸ் படை முற்றுகையிட்டபோது உள்ளே பதுக்கியிருந்த வெடிமருந்தில் பீரங்கிக் குண்டு விழுந்து சிதறிய கட்டடம் அது. ஜப்பான்காரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உறைகள் இரண்டும் தாத்தா பெயருக்கு வந்தவை. தபால் இலாகாவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அவற்றின் மேல்தான் ஆசை அதிகம். ஸ்டாம்ப் சேர்க்கும் பித்துப் பிடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு உறையில் ஸ்டாம்ப்பைக் கத்தரித்து எடுத்திருக்கிறான், முத்திரையும் அதோடு போயிற்று. இன்னொன்றில் களத் தபால் நிலைய முத்திரை எண் படிக்க முடியாதபடி அழுந்தியிருக்கிறது. ஆனாலும் அனுப்புநர் முகவரியின் கடைசி வரி இரண்டிலும் தப்பித்தது. ஒன்றில் எம்.இ.எஃப்., மற்றதில் சி.எம்.எஃப். போர்க்கால உறையில் ஊர்ப் பெயர் எழுதத் தணிக்கை விடாது. இந்த மூன்றெழுத்துத்தான் திசைகாட்டி. எம்.இ.எஃப். என்றால் மத்திய கிழக்குப் படைகள், அதாவது எகிப்து, லிபியா, பாலஸ்தீனம் பக்கம். சி.எம்.எஃப். என்றால் நடு மத்தியதரைக் கடல் படைகள், அதாவது இத்தாலி, அதையொட்டி கிரீஸ். ஈராக், பாரசீகத்தில் இருந்தவர்களுக்குப் பைஃபோர்ஸ். பர்மாப் பக்கம் இருந்தவர்களின் உறையில் எஸ்.இ.ஏ.சி. வரும், அதாவது தென்கிழக்கு ஆசியக் கட்டளை. இந்த எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் கடிதமே இல்லாத வெற்று உறைகூடப் பேசும்.

கெய்ரோ, ஏதென்ஸ், இந்த உறைகள் எல்லாம் ஒரே ஆளைத்தான் சொல்கின்றனவா? அந்த ஆள் அப்பாதானா? அதற்கு எண் வேண்டும். பட்டாளத்தில் பெயர் துணைக்கு வருவது, எண்தான் ஆள். அப்பாவின் பெயர் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். ஆங்கிலத்தில் அதை எழுதும் விதமும் நாலு.

எண் கிடைத்தது அக்கா வீட்டில். அப்பாவின் நட்சத்திரப் பதக்கங்களைச் சின்ன வயதில் நாங்களே விளையாடித் தொலைத்தோம். பித்தளை மாதிரி இருந்த ஆறு முனை நட்சத்திரங்கள்; ஒன்று பழைய பாத்திரத்தோடு பாத்திரமாக எடைக்குப் போயிருக்கலாம். வெள்ளை வெளேரென்று வட்டமாக இருந்த ஒன்றை மட்டும் வெள்ளி என்று நினைத்து அம்மா அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அது வெள்ளியல்ல, தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகம். ஒரு பக்கம் மேலே கிரீடம் வைத்த அசோகச் சக்கரம், மறு பக்கம் அசோகச் சிங்கங்களும் 15 ஆகஸ்ட் 1947 என்ற தேதியும். இந்திய சுதந்திரப் பதக்கம். கிரீடமும் சக்கரமும் ஒரே பக்கத்தில் இருப்பது விநோதம்தான், அந்த வருஷமே விநோதமான வருஷம். முகம் முக்கியமில்லை, விளிம்பு முக்கியம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் வந்தவை. அவை பெட்டியில் இருந்தால்கூட யாருடையது என்று நிரூபிக்காது. சுதந்திரப் பதக்கத்தின் விளிம்பிலோ எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் எல்லாம் பொடி எழுத்தில் குத்தியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகத் தூசி தட்டி, பூதக்கண்ணாடியில் படித்தோம். பாலிஷ் போடவில்லை. பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பு எழுத்தைத் தேய்த்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஒரு சேப்பர். மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம் கட்டுகிற, பாதை போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற பொறியாளர் படை. தலைமையிடம் பெங்களூர். பெங்களூர் ஸ்டூடியோ முத்திரைகளுக்கு விளக்கம் வந்துவிட்டது. அந்தப் படங்களில் ஒன்றில் தலையில் இருப்பது தலைப்பாகையுமல்ல, சாதாரணத் தொப்பியுமல்ல; விளிம்பே இல்லாமல் உருளையாக நிற்கும் ஒன்று. டுப்டா என்று சேப்பர்கள் சொல்வார்கள், இந்திய ராணுவத்தில் அவர்களுக்கே உரிய அடையாளம். இது தெரிந்தவர் யாராவது முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், பார்த்த மாத்திரத்தில் ரெஜிமென்ட்டைச் சொல்லியிருப்பார்.

எண்ணோடு பெங்களூரில் உள்ள அந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினோம். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று நகல் இணைத்துச் சாதாரணக் கடிதமாக எழுதலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பென்ஷன் இல்லாதவர்களின் சேவை ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிட ராணுவ விதியே இருக்கிறது. அதனால் முழுக் கோப்பை எதிர்பார்த்து மனம் உடையக் கூடாது. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. அதை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி வந்தது: 1940-ல் சேர்ந்தார், 1948-ல் விலகினார். மனுவில் எழுதிய எட்டு வருஷம் சரி. சேரும்போது வயது 18 என்று இருக்கிறது. ஊர்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின்படி கணக்குப் போட்டால் 16. கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருக்கிறார். பிறந்த தேதிச் சான்று இல்லாத காலத்தில் பார்வைக்குத் தோன்றும் வயதை எழுதிக்கொள்வது வழக்கம். பல குடும்பங்களில் இந்த இரண்டு வருஷ இடைவெளி வரும்.

இன்னொன்றும் தெரிந்தது. ஊரில் அப்பாவைச் சுபேதார் என்று கூப்பிடுவார்கள். பதக்க விளிம்பில் வெறும் சேப்பர், அதாவது சாதாரணச் சிப்பாய். போருக்குப் பிந்தைய ஸ்டூடியோ படத்தில் கையில் இரண்டு பட்டை இருக்கிறது, அது நாயக். போர்க்காலத்தில் தற்காலிகமாகக் கொடுத்த பட்டைகள் படை சுருங்கியதும் இறங்கிவிடும், ஆகவே இரண்டும் பொய்யில்லை. சுபேதார் மட்டும் ஊர் கொடுத்த பதவி. அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு, பதினாறு வயதில் போன பையன் இரண்டு பட்டை வாங்கியதே போதும்.

அந்தப் பட்டைப் படத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். மார்பில் மூன்று ரிப்பன்கள். ஒவ்வொரு ரிப்பனும் ஒரு பதக்கத்துக்கு அடையாளம், நிறமும் பட்டையும் வைத்து எது என்று சொல்லலாம். படம் கறுப்பு வெள்ளை. பழைய ஸ்டூடியோக்களில் புழங்கிய ஒருவகை பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் நிழலின் அடர்த்தியை வைத்து நிறத்தை ஊகித்தால் எல்லாமே தலைகீழாகும். முதல் ரிப்பனில் சம அகலத்தில் மூன்று பட்டை, நடுவில் கறுப்பு. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் கொண்ட 1939-45 நட்சத்திரம் அப்படித்தான் விழும். இரண்டாவது, பெரும்பகுதி வெளுப்பு, நடுவில் தடித்த கறுப்புக் கோடு, இரு பக்கமும் மெல்லிய கோடு. மணல் நிறத்தில் சிவப்பு நடுப்பட்டை வைத்த ஆப்பிரிக்க நட்சத்திரம். மூன்றாவது ஐந்து பட்டை, அதில் இரண்டு பளிச்சென்ற வெள்ளை. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பனில் கருநீலம், ஆரஞ்சு, சிவப்புத்தான், வெள்ளையே கிடையாது. வெள்ளையோடு ஐந்து பட்டை உள்ள போர்க்கள நட்சத்திரங்கள் இரண்டு: இத்தாலி, பிரான்ஸ்-ஜெர்மனி. பின்னதில் ஓரம் நீலம், நடு சிவப்பு, அதாவது இந்த பிலிமில் நடுப்பட்டை கறுத்திருக்க வேண்டும். இங்கே ஓரம் கறுப்பு, நடு கொஞ்சம் வெளுப்பு. ஓரம் சிவப்பும் நடு பச்சையுமான இத்தாலி நட்சத்திரம்தான். அது 1945 மே மாதம் அறிவித்த பதக்கம், ஆகவே படம் அதற்குப் பிந்தியது. கிரீஸில் 1945 மே 8 வரை செய்த சேவையும் இத்தாலி நட்சத்திரக் கணக்கில் சேரும். பார்த்தெனான் படத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது.

குரூப் போட்டோவில் கூடாரம், லாரி, இருபதுக்கு மேல் ஆட்கள். முன்வரிசையில் ஒருவர் பிடித்திருக்கும் சிலேட்டில் எழுத்தைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். தணிக்கையோ, ஏதாவது குழந்தையோ. லாரியின் மட்கார்டில் சிறகு விரித்த பறவை ஒன்று கறுப்பாக இருக்கிறது. நான்காவது இந்திய டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பரானி, 1941-ல் எரித்ரியாவின் கெரென் மலைகள், மறுபடி லிபியப் பாலைவனம், எல் அலமெய்ன், துனீசியா, 1944 தொடக்கத்தில் இத்தாலியின் மோன்டே காசினோ, பிறகு அந்த வருஷக் கடைசியில் கிரீஸ் என்று அந்த டிவிஷன் போன பாதை, எங்கள் பெட்டியின் பாதையோடு ஒத்துப்போகிறது. அதில் இருந்த மெட்ராஸ் சேப்பர்கள் 12-வது ஃபீல்டு கம்பெனியும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியும். அப்பா இந்த இரண்டில் ஒன்றில் இருந்திருக்க வேண்டும் என்பது ஊகம். லாரி அடுத்த கம்பெனியுடையதாக இருக்கலாம், அதன் முன்னால் நின்று படம் எடுத்திருக்கலாம். ஆகவே எங்கள் குறிப்பேட்டில் இதற்கு எதிரே “அநேகமாக” என்றுதான் எழுதியிருக்கிறோம்.

ஊகம் என்று நிறுத்திக்கொள்வதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது அப்பா ஒரு கதை சொல்லுவார். கண்ணிவெடி எடுக்கப் போன இடத்தில் ஒரு சுபேதார், கூட இருந்த பையன்கள் பிழைக்கட்டும் என்று வெடி மேல் தானே விழுந்து செத்தார் என்று. பாதி கற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது நடந்த கதை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே. மெட்ராஸ் சேப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர் அவர். அவர் இருந்தது அதே 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. இதைக் கண்டதும் வீட்டில் எல்லோரும் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அப்படிச் சொல்ல இடமில்லை. அந்தக் கதை மெட்ராஸ் சேப்பர்கள் எல்லோரும் அறிந்த கதை. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது என்பது அவர் அந்தப் படைக்காரர் என்பதைக் காட்டும், அந்த இடத்தில் இருந்தார் என்பதைக் காட்டாது.

இப்போது எஞ்சி நிற்பது கூடத்துப் படம். அப்பா 1940 முதல் ஆப்பிரிக்கா, இத்தாலி, கிரீஸ் என்று இருந்தவர் என்றால், மடித்த அகலத் தொப்பியோடு மூங்கில் கொட்டகை முன்னால் நிற்பது எப்போது? அந்தத் தொப்பி பர்மாவில் சண்டை போட்ட 14-வது ராணுவத்தின் அடையாளம் என்றே சொல்லலாம். மூங்கில் கொட்டகையும் அந்தக் காடுகளின் வாசம். ஜப்பான் சரணடைந்தபோதும் நான்காவது டிவிஷன் கிரீஸில்தான் இருந்தது.

அப்பாவின் கடைசித் தங்கை, எங்கள் அத்தை, வேலூர் சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர், பார்வை பரவாயில்லை. முதியவர்களிடம் படத்தை நீட்டி “இது அப்பாதானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். அதனால் எந்தப் பெயரும் சொல்லாமல், எங்கள் ஏழு படங்களின் பிரதிகளோடு சம்பந்தமே இல்லாத வேறு சில சிப்பாய்ப் படங்களையும் கலந்து பாயில் பரப்பினோம். மாட்டிய படத்தின் சின்னப் பிரதியும் அதில் இருந்தது. அத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து அதை எடுத்தார்.

“இது பெரியண்ணன்டா.”

“அப்பா இல்லையா அத்தை?”

“உங்கப்பனுக்கு ஏதுடா இந்தக் காது? தொப்பி போட்டா எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்பானுங்க. காதைப் பாரு.”

அவர் சொன்னபடியே பார்த்தோம். அப்பாவின் காது மடலின் கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கும். 1960-களில் எடுத்த அடையாள அட்டைப் படத்திலும், டுப்டா படத்திலும், ரிப்பன் படத்திலும் அப்படியே இருக்கிறது. கூடத்துப் படத்தில் மடல் தனியாகத் தொங்குகிறது, கடுக்கன் போட்ட துளை தெரிகிறது. முகம் மாறும், மீசை மாறும், சதை போடும். காதின் அமைப்பு அவ்வளவாக மாறாது. அண்ணன் தம்பி முகச்சாயலை நம்புவதைவிட இதை நம்பலாம்.

அத்தை சொன்னதற்காக மட்டும் ஒப்புக்கொள்ள அக்கா தயாராக இல்லை. அப்போதுதான் யாரும் மதிக்காத கருவூலச் சீட்டு வேலைக்கு வந்தது. ஆயாவுக்கு மாதாமாதம் பட்டாளத்திலிருந்து பணம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கு ஒதுக்கியிருந்தார் என்று நினைத்தோம். சிப்பாய்கள் அப்படி ஒதுக்குவது உண்டு. ஆனால் சீட்டின் தேதி 1951. அப்பா வேலையை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஊரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் சம்பளத்தில் என்ன ஒதுக்குவார்? சீட்டிலேயே ஃபேமிலி பென்ஷன் என்று இருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. அது செத்துப்போன மூத்த மகனுக்காகத் தாய்க்கு வந்த பணம்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தேடலாம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள். அப்பாவுக்குப் பயனில்லை, பெரியப்பாவுக்குத்தான் அது. பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடினால் கிடைக்காது. சாமி என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் போட்டு, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் நார்த் ஆற்காட் என்று சேர்த்துத் தேட வேண்டும். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று இருக்கும். தாத்தா பெயர், ஆயா பெயர், கொஞ்சம் சிதைந்த எங்கள் ஊர்ப் பெயர் மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு பதிவில் வந்தன. இந்தியன் பயனியர் கோர். இறந்தது 1944. பெயர் பொறித்திருப்பது யாங்கூனுக்கு வடக்கே டவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில், ஏறக்குறைய 27,000 பெயர்களில் ஒன்றாக.

அந்த வளாகத்திலேயே தகனம் செய்யப்பட்ட இந்தியர்களுக்கு என்று தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. பெரியப்பா அதில் இல்லை. ரங்கூன் நினைவுச் சின்னம், எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாதவர்களுக்கானது. குண்டடியா, காய்ச்சலா என்று பதிவு சொல்லவில்லை. பர்மா முனையில் 1943-ல் காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்றால் நோயில் விழுந்து வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று 14-வது ராணுவத் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். பயனியர்கள் துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்தவர்கள். சாலை போட்டார்கள், விமான ஓடுதளம் சமன் செய்தார்கள், மூட்டை சுமந்தார்கள். வீட்டில் இவரைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. சண்டை போட்டுச் செத்தான் என்று சொல்லிக்கொள்ள ஊருக்கு ஒரு கதை வேண்டும், மண் வெட்டப் போன இடத்தில் செத்தான் என்பதில் ஊர் கதை தேடாது.

ஆகவே வீட்டில் இருந்த பர்மாக் கதை பொய்யல்ல, ஆள் மாறிவிட்டது. அப்பா எங்களிடம் பர்மா, பர்மா என்று சொன்னதெல்லாம் அண்ணனைப் பற்றித்தான் என்று இப்போது நினைக்கிறேன். தான் போன ஊர்களின் பெயர் எங்களுக்கு வாயில் நுழையாது என்று விட்டிருப்பார். பர்மா எல்லோருக்கும் தெரியும். 1942-ல் ரங்கூன் விழுந்தபோது நடந்தே வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. கேட்டவர்கள் இரண்டு மகன்களையும் ஒன்றாக முடிந்துவிட்டோம். கூடத்துப் படத்தின் கீழே இருந்த “பர்மா போர் வீரர்” என்ற பட்டை சரிதான் என்பதால் அதை எடுக்கவில்லை. பெரியப்பா பெயரும் வருஷமும் சேர்த்தோம். பக்கத்தில் அப்பாவின் டுப்டா படம் வந்திருக்கிறது.

இன்னும் தீராதவை சில. ஆப்பிரிக்க நட்சத்திர ரிப்பனில் எட்டு என்ற சின்ன உலோக எண் இருந்தால், 1942 அக்டோபர் 23-க்கும் 1943 மே 12-க்கும் நடுவில் எட்டாவது ராணுவத்தோடு இருந்ததாக அர்த்தம். நான்காவது டிவிஷன் அப்போது அலமெய்னிலும் துனீசியாவிலும் இருந்தது. அப்பாவின் ரிப்பனில் எட்டு இல்லை. படம் எடுக்கும்போது அது இன்னும் வந்து சேராமல் இருந்திருக்கலாம், அல்லது அந்த மாதங்களில் அவர் ஆஸ்பத்திரியிலோ வேறு கம்பெனியிலோ இருந்திருக்கலாம். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தந்த கம்பெனியின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலி-கிரீஸ் பக்கத்துக்கு டபிள்யூ.ஓ. 170 என்ற வரிசைகள். சாதாரண சேப்பரின் பெயர் அவற்றில் இருப்பது அபூர்வம். ஆனால் கம்பெனி எண் உறுதியானால், எந்த நாளில் எங்கே இருந்தார்கள் என்பது நாள்வாரியாகக் கிடைக்கும்.

கம்பெனி எண்ணுக்கு இப்போது எங்கள் கையில் இருக்கும் ஒரே வழி ஏழாவது படம். கெய்ரோ அட்டையில் அப்பாவோடு நிற்கும் அதே ஆள், இதில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தமிழில் ஒரு பெயரும் ஒடுகத்தூர் என்ற ஊரும் எழுதியிருக்கிறது. ஆணையத்தின் பட்டியலில் அந்தப் பெயரில் ஒடுகத்தூர்க்காரர் யாரும் இல்லை. ஆகவே திரும்பி வந்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். குரூப் போட்டோவில் அவரும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அப்படியானால் அதன் இன்னொரு பிரதி அவர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடும், அதில் சிலேட்டைச் சுரண்டாமல் விட்டிருந்தால் எண் தெரிந்துவிடும். ஒடுகத்தூரில் சொந்தக்காரர் உள்ள ஒருவரிடம் படத்தின் நகலைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம்.